கலர்துணி சிஸ்டர்

சிஸ்டர் யாரையும் முந்த விடமாட்டார்.

தருமபுரத்தில் அவர் வீட்டுத் தெருமுனையில் மண்டபத்தூரிலிருந்து வரும் மீன்காரம்மாள் கூடையை இறக்கியதும் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். காரிலிருந்து இறங்காமல் ஹாரன் அடித்து, "நல்ல வஞ்சிரமா ஒண்ணு எடுத்து வையி" என்று யாராவது சொன்னால் சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்: "இறங்கி வந்து நில்லுங்க. எனக்குப் பின்னால ரெண்டு பேரு இருக்காங்க. அவங்களுக்குப் பின்னால நீங்க." மீன்காரம்மாளுக்கே சில நாள் கோபம் வரும். கார்க்காரர்கள் பேரம் பேசாதவர்கள்.

நான் ஆம்புலன்ஸ் டிரைவர். காரைக்காலிலிருந்து நெரவி போகிற சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறிய ஆஸ்பத்திரியில் பத்து வருடம் ஒப்பந்தத்தில் வண்டி ஓட்டினேன். அவர் அங்கே அவசரப் பிரிவுக்குப் பொறுப்பு. ஐம்பதை நெருங்கிய வயது. தடித்த கண்ணாடி. முடியை இழுத்துக் கட்டிய கொண்டை. எல்லோரும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை 'டிரைவர்' என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனால் 'வாங்க, போங்க' மாறவே மாறாது. கூட்டிப் பெருக்க வருகிறவரையும் அறக்கட்டளைச் செயலாளரையும் ஒரே 'ங்க' போட்டுத்தான் பேசுவார். செயலாளருக்கு அது பிடிக்காது.

ஒருநாள் பைக்கில் விழுந்து நெற்றி கிழிந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஏழெட்டு நண்பர்கள் உள்ளே வந்தார்கள். முகமெல்லாம் ரத்தம். ஒருவர் மேசையைத் தட்டினார், இன்னொருவர் யாருக்கோ போன் போட்டார். சிஸ்டர் வாசலில் நின்று அறையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இங்க சத்தம் போடாதவங்க யாரு?"

மூலையில் ஒரு லாரி டிரைவர் பெஞ்சில் சாய்ந்திருந்தார். அஜீரணம் என்று சீட்டு எழுதிவிட்டுக் காத்திருந்தவர். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டை முழுக்க வியர்வை. சிஸ்டர் நேரே அவரிடம் போனார். பின்னால் கெட்ட வார்த்தைகள் பறந்தன. அது அஜீரணம் இல்லை, மாரடைப்பு. அவரைக் காப்பாற்ற முடிந்தது. நெற்றி கிழிந்தவருக்கு ஆறு தையல். போகும்போது அவருடைய நண்பர்கள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

சொந்தத் தம்பி என்றாலும் அப்படித்தான். அவர் தம்பி ஒருமுறை காலில் கண்ணாடி குத்தி வந்தபோது, குடித்துவிட்டு விழுந்து கிடந்த ஒருவரைத்தான் சிஸ்டர் முதலில் பார்த்தார். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "எந் தம்பிங்கறதுக்காக ஒன் ரத்தம் வேகமா ஓடாது. உக்காரு" என்றார். குடும்பத்தில் அவரோடு யாரும் நெருக்கமாக இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். மகள் திருச்சியில். அங்கிருந்தும் போன் அதிகம் வராது.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். தஞ்சாவூரில் ஒரு நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பேரளத்தில் டீ குடித்தோம். வளைகுடாவில் எட்டு வருடம் விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். போன புதிதில் கட்டட வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போன பஸ் கவிழ்ந்து, ஒரே நேரத்தில் முப்பது பேரைக் கொண்டுவந்து போட்டார்களாம்.

"அதுல ஒருத்தரு தமிழ்ல கத்துனாரு டிரைவர். 'அம்மா, அம்மா'ன்னு. நான் அவருகிட்ட ஓடுனேன். கால் ஒடிஞ்சிருந்துது, அவ்வளவுதான். அவருக்குப் பக்கத்துல ஒருத்தரு படுத்திருந்தாரு. எந்த ஊர்க்காரரோ. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு, வாயத் தொறக்கல. நான் கால்ல கட்டுப் போட்டு நிமிர்றப்ப அவரு போயிட்டாரு."

டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "என்னையப் பாத்துக்கிட்டேதான் இருந்தாரு" என்று இன்னொரு தடவை சொன்னார்.

அந்த விபத்துப் பிரிவில்தான் நிறம் கட்டும் முறையைக் கற்றுக்கொண்டார். ஒரே சமயத்தில் கூட்டமாக அடிபட்டவர்கள் வந்தால், கையிலிருக்கிற ஆளும் மருந்தும் எல்லோருக்கும் போதாது. அதனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நிறம். உடனே பார்க்காவிட்டால் இறந்துவிடுவார் என்றால் சிவப்பு. கொஞ்சம் தாங்குவார் என்றால் மஞ்சள். நடக்க முடிந்தவருக்குப் பச்சை. எதுவும் செய்ய முடியாதவருக்குக் கறுப்பு. அதற்கான அட்டைகள் வேண்டுமென்று அவர் நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டார், வரவில்லை. தையல்கடையில் வெட்டுத்துணி வாங்கி, நான்கு நிறத்திலும் முழநீளத் துண்டுகளாகக் கிழித்து பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்துக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். "சிஸ்டர் திருவிழாவுக்குத் தோரணம் கட்டப்போறாங்க" என்று சொன்னது நான்தான்.

அந்த வருடம் ஆஸ்பத்திரியில் விபத்து ஒத்திகை ஒன்று நடந்தது. பேனர் கட்டினார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சிவப்பு மை தடவி முற்றத்தில் படுக்க வைத்தார்கள். திறந்துவைக்க வேண்டியவர் வரத் தாமதமானது. மாணவர்கள் வெயிலில் படுத்தே கிடந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிஜமாகவே மயங்கிச் சரிந்தாள். நன்றாக நடிக்கிறாள் என்று ஒருவர் போட்டோ எடுத்தார். சிஸ்டர்தான் ஓடிப்போய் அவளை நிழலுக்குத் தூக்கினார்.

முடிந்ததும் சமோசா கொடுத்தார்கள். செயலாளர், "ஏதாச்சும் சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். கேட்கிற வழக்கத்துக்காகக் கேட்டது.

சிஸ்டர் எழுந்தார். "வர்ற வண்டி, போற வண்டி எல்லாம் ஒரே கேட்டுல வந்தா, உள்ள வந்த வண்டி எப்படிங்க வெளிய போவும்? பின்கேட்டுல பழைய கட்டிலெல்லாம் குமிச்சிப் போட்டு வச்சிருக்கு."

"அதெல்லாம் அந்த நேரத்துல பாத்துக்கலாம் சிஸ்டர்."

"அந்த நேரத்துல பாக்க முடியாதுங்க."

சிலர் சிரித்தார்கள். மறுநாள் சிஸ்டரும் இரண்டு ஆயாக்களும் சேர்ந்து அந்தக் கட்டில்களை இழுத்து அப்புறப்படுத்தினார்கள். அனுமதி இல்லாமல் சொத்தை இடம் மாற்றியதற்கு அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது.

விபத்து நடந்தது புரட்டாசியில். சம்பா நடவு நாட்கள். காலை எட்டு மணி இருக்கும். நெரவிப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து நடவுக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானை சரக்கு வண்டியில் ஒரு தனியார் பஸ் மோதியது. பஸ்ஸுக்குப் பின்னால் வந்த ஒரு காரும் அதிலேயே இடித்து நின்றது. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. டீக்கடையிலிருந்து போன் வந்த இரண்டாவது நிமிடமே முதல் ஆட்டோவின் ஹாரன் கேட்டது.

அந்த இரண்டு நிமிடத்தில் சிஸ்டர் செய்ததை நான் பார்த்தேன். முன்கேட்டில் காவலாளியை நிறுத்தி, "உள்ள வர்றது மட்டும்தான். ஒரு வண்டியும் இதுல திரும்பக் கூடாது" என்றார். என்னிடம், "டிரைவர், வண்டியப் பின்கேட்டுல மூஞ்சி வெளிய பாக்கற மாதிரி நிறுத்துங்க. சாவியக் கழட்டாதீங்க. என்ன நடந்தாலும் வண்டிய விட்டு நகராதீங்க" என்றார். டியூட்டி டாக்டர் இளைஞர், வாசலுக்கு ஓடிவரப் பார்த்தார். "நீங்க உள்ள இருங்க டாக்டர். நான் செவப்பு கட்டி அனுப்பறவங்கள மட்டும் பாருங்க. வெளிய வராதீங்க" என்று அவரை உள்ளே அனுப்பினார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டார்.

பிறகு வாசலில் நின்று, அவ்வளவு சத்தமாக அவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை, "நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் வேப்பமரத்துக்கிட்ட வாங்க! நடக்க முடிஞ்சவங்க!" என்றார். அழுதுகொண்டும் நொண்டிக்கொண்டும் பாதிப் பேர் நகர்ந்தார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் பச்சை. மீதி இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் குனிந்தார். மூச்சு, மணிக்கட்டு நாடி, "என் கையப் புடிங்க... விடுங்க." ஒருவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கட்டிவிட்டு அடுத்தவர். காலைப் பிடித்து இழுத்தவர்களின் கையை விலக்கிவிட்டு அடுத்தவர். பின்கேட்டிலிருந்து நடைவழி வழியாக எனக்கு இதெல்லாம் தெரிந்தது.

குட்டியானை ஓட்டி வந்தவருக்குத் தலையில் அடி. சிஸ்டர் அவர் தாடையைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தார். ஓர் இழுப்பு. நிலையை மாற்றி மறுபடியும் தூக்கினார். வெகுநேரம் கழித்து இன்னோர் இழுப்பு. கறுப்புத் துணியை எடுத்தார்.

"மூச்சு வருதுல்ல! உசுரு இருக்குல்ல!" என்று கூடவே ஓடிவந்திருந்த அவருடைய அண்ணன் கத்தினார்.

"வருதுங்க. ரொம்ப நேரம் வராது. நீங்க பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சிக்கங்க, பேசுங்க. அவருக்குக் கேக்கும்."

அண்ணன் கையைப் பிடிக்கவில்லை. போனை எடுத்தார். அன்று மாலைக்குள் ஊரெங்கும் போன அந்த வீடியோவில் சிஸ்டர் கறுப்புத் துணி கட்டுவது இருந்தது, 'உசுரு இருக்குல்ல' என்ற அலறல் இருந்தது. அவர் சொன்ன பதில் இல்லை.

நீலச் சேலை கட்டிய ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், சுவரோரம் கிடந்தாள். வெளிக்காயம் எதுவும் இல்லை. அழவும் இல்லை. சிஸ்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றில் கை வைத்தார், சிவப்புக் கட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றுக்குள் ரத்தம் போகிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அறுவை செய்ய வேண்டும் என்றார். அங்கே போக இருபது நிமிடம்தான். வந்திருந்த மற்ற இரண்டு ஆம்புலன்ஸும் வேறு சிவப்புகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தன. மீதி இருந்தது என் வண்டி. அதில் ஆக்சிஜன் இருந்தது. டிரிப்ஸ் ஏற்றி, ஆட்கள் யாரும் கையில் இல்லாததால் சிஸ்டரே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு பின்கேட்டுக்கு வந்தார்.

வந்தபோது வண்டிக்குள் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

செயலாளரின் மைத்துனர். பஸ்ஸுக்குப் பின்னால் இடித்த கார் அவருடையது. வலது முன்கையில் எலும்பு முறிவு. தானே நடந்து வந்துதான் ஏறினார். செயலாளர் அவரோடு வந்து, தஞ்சாவூரில் எலும்பு டாக்டரிடம் பேசிவிட்டதாகவும் உடனே புறப்படும்படியும் என்னிடம் சொல்லியிருந்தார்.

"இவர எறக்குங்க" என்றார் சிஸ்டர்.

"சிஸ்டர், நீங்க உள்ள போய் வேலையப் பாருங்க. இன்னொரு வண்டிக்குச் சொல்லியாச்சு."

"அது எப்ப வரும்?"

"வரும்."

சிஸ்டர் ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். செயலாளர் என்னைப் பார்த்து, "எடு" என்றார். சிஸ்டரும் என்னைத்தான் பார்த்தார்.

"டிரைவர், அவரு கையில என்ன கலர்னு பாருங்க. பாத்துட்டு எடுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். பச்சை.

அப்போது முன்வாசலிலிருந்து ஒரு ஆயா அலறினாள்: "சிஸ்டர், ஓடியாங்க! மூச்சு நிக்குது!" சிஸ்டர் ஒரு கணம் நின்றார். வண்டிக்கு முன்னாலிருந்து விலகி உள்ளே ஓடினார். விலகியதும் நான் எடுத்துவிட்டேன். கண்ணாடியில் ஸ்ட்ரெச்சர் தெரிந்தது. அந்தப் பெண் என் வண்டி போவதைப் பார்த்தாளா, கண்ணை மூடியிருந்தாளா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. பார்க்கவில்லை என்று நம்பப் பழகிக்கொண்டேன்.

மைத்துனர் வழியெல்லாம் போனில் பேசிக்கொண்டே வந்தார். கார் இன்சூரன்ஸ், ஏதோ கல்யாணப் பத்திரிகை. கும்பகோணம் தாண்டும்போது, "இது அரிக்குதுப்பா" என்று கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஜன்னல் வழியாக வீசினார்.

சொல்லியாச்சு என்ற வண்டி வரவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, சிஸ்டர் அந்தப் பெண்ணை ஒரு பயணிகள் ஆட்டோவில், இரண்டு நர்ஸ்கள் மடியில் கிடத்தி அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே அவள் இறந்துவிட்டாள். அரிசி ஆலையில் வேலை பார்த்த அவள் புருஷன் சைக்கிளில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது ஆட்டோ கிளம்பிப் போயிருந்தது.

அன்று வந்த இருபத்திரண்டு பேரில் இறந்தது இரண்டே பேர். ஆனால் வீடியோ போய்விட்டதல்லவா? மறுநாள் கிராமமே வாசலில் உட்கார்ந்தது. உயிரோடு இருப்பவனுக்குக் கறுப்புத் துணி கட்டினாள், பிள்ளைக்காரியைக் கடைசியாகப் போட்டாள், கலர்துணி கட்டி விளையாடினாள் என்றார்கள். 'கலர்துணி சிஸ்டர்' என்ற பெயர் அன்றுதான் வந்தது. செயலாளர் வெளியே வந்து கும்பிட்டு, "யாரு தப்புப் பண்ணியிருந்தாலும் விட மாட்டோம்" என்றார்.

நிர்வாகம் விசாரணை வைத்தது. அதற்கு முதல்நாள் செயலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவரை உட்காரச் சொன்னதில்லை.

"ஒன்ன நிரந்தரம் பண்ற ஃபைல் எங்கிட்டதான் இருக்கு. நாளைக்குக் கலரப் பத்திக் கேப்பாங்க. கவனிக்கலன்னு சொல்லு, போதும். பொய் சொல்லச் சொல்லல."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் தொழுதுவிட்டு எழுந்து வந்து கேட்டாள்: "பொய் சொல்லச் சொல்லலன்னா, வேற என்ன சொல்லச் சொன்னாராம்?"

"ரெண்டு பொண்ணுவொ இருக்கு."

"இருக்கட்டும். அல்லா ஒருத்தன் இருக்கான்ல?"

நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற டாக்டர். அவர் முன்னால் இருந்த பதிவேட்டில் மைத்துனரின் பெயருக்கு எதிரே, வேறு யாருடைய கையெழுத்திலோ, 'தலைக்காயம் சந்தேகம், சிவப்பு' என்று எழுதியிருந்தது. சிஸ்டர் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தார்.

"உங்க வண்டியில ஏத்துனவரு கையில என்ன கலர் கட்டியிருந்துது?"

"கவனிக்கலை சார்."

"சிஸ்டர், இவர நீங்க ஏதாவது கேக்கணுமா?"

"இல்லீங்க."

அவர் என்னை முறைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முறைக்கவில்லை. முறை கடந்துபோன நோயாளியின் சீட்டை ஓரத்தில் வைப்பதுபோல என்மேல் இருந்த பார்வையை எடுத்து வேறு பக்கம் வைத்தார். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஆண்டு விழாவில் விபத்து நாளில் சிறப்பாகப் பணி செய்தவர்களுக்குப் பாராட்டு நடந்தது. என் பெயரையும் கூப்பிட்டார்கள். 'ஆபத்தில் உயிர் காத்த ஓட்டுநர்' என்றார்கள். மேடையில் எனக்குச் சால்வை போர்த்தியது அந்த மைத்துனர்தான். மாவுக்கட்டு பிரித்திருந்தது. இரண்டு கையாலும் நன்றாக விரித்துப் போர்த்தினார். பேப்பரில் போட்டோ வந்தது. என் மனைவி அந்தச் சால்வையை வீட்டுக்குள் வைக்கவிடவில்லை. நான் நிரந்தரம் ஆனேன். இரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரியையே மூடிவிட்டார்கள். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன்.

ஆஸ்பத்திரியை மூடிய பிறகு ஒரு மதியம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்குப் புண் கட்டிவிட வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். பஸ் வந்ததும் ஏறப்போன கூட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு வழிவிடச் சொல்லி, தான் ஏறாமல் நின்றுவிட்டார். பஸ் போய்விட்டது. நான் பக்கத்தில் போனேன்.

"சிஸ்டர், அன்னைக்கி நான் கலரப் பாத்தேன்."

"தெரியுமே. நான்தானே பாக்கச் சொன்னேன்."

"பச்சைதான்."

"கட்டுனவ நான். எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேல போனது போவட்டும். என்னைய ஏசுனதும் போவட்டும். அந்தப் பொண்ணு வீட்டுல, நான் அவளக் கடைசியாப் போட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க டிரைவர். நான் அவள முதல்ல போட்டேன். அது ஒண்ணு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க போய்ச் சொல்லுங்க."

போகிறேன் என்றேன். என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

போகவும் செய்தேன். பொய் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தக் கிராமத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். இறந்த பெண்ணின் புருஷன் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க ஆம்புலன்ஸ் டிரைவருல்ல? பேப்பருல பாத்தேன். ஒரு உசுரக் காப்பாத்துனீங்களாமே. வாங்க, உக்காருங்க." நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். இறந்தவளின் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். சுவரில் அவள் போட்டோ இருந்தது. அதிலும் நீலச் சேலை.

"ஒங்கள மாதிரி ஒரு வண்டி எங்க புள்ளைக்குக் கெடச்சிருந்தா பொழச்சிருப்பா" என்றார் அந்த அம்மாள். "எங்க கெடைக்கும்? அந்தக் கலர்துணிக்காரி எம் மவளக் கடைசில தள்ளிட்டாளே. அவ வெளங்குவாளா? நீங்களே சொல்லுங்க தம்பி, அவ வெளங்குவாளா?"

வாய் வரைக்கும் வந்தது. புருஷன் என் எதிரே தரையில் உட்கார்ந்து, நான் தண்ணீர் குடிப்பதற்காகக் காத்திருந்தார். நான் தலையை ஆட்டினேன். தண்ணீரைக் குடித்தேன். வந்துவிட்டேன்.

மறுநாள் சிஸ்டர் போன் செய்தார்.

"போனீங்களா?"

"போனேன் சிஸ்டர்."

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அழுதாங்க."

"அழுவட்டும், அழுவட்டும். பாவம்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் நானும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன் டிரைவர். இவ்வளவு நாளா அந்தப் பக்கம் பஸ்ஸுலகூடப் போவல நான்."

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரை நான்கு நாள் இருந்தது. தினமும் போனை எடுத்தேன். சொல்ல வேண்டுமென்றால் முதலில் 'சொன்னேன்' என்றது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் போனைத் திரும்ப வைத்தேன்.

அங்கே என்ன நடந்தது என்பதை எங்களோடு வேலை பார்த்த ஆயா ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அதே தெரு. சிஸ்டர் ஒரு பை சாத்துக்குடியோடு போனாராம். முகம் தெளிந்து, சிரித்தபடி வாசலில் நின்றாராம். அந்த அம்மாள் பையைப் பிடுங்கித் தெருவில் வீசியிருக்கிறார். தலைமுடியைப் பிடிக்கப் போனவரை மருமகன்தான் தடுத்தார். அக்கம்பக்கம் கூடிவிட்டது. குட்டியானைக்காரரின் அண்ணனும் வந்துவிட்டார். வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். சிஸ்டர் எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டாராம். அவர்கள் ஓய்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"டிரைவர் இங்க வந்தாருங்களா?"

"வந்தாரு. அவரு மனுசன். நீ வெளங்க மாட்டேன்னு நான் சொன்னதுக்கு அவரும் ஆமான்னு தலையாட்டிட்டுப் போனாரு" என்றிருக்கிறார் அந்த அம்மாள்.

"சிஸ்டர் அப்பவாச்சும் உம் பேரச் சொல்லிருவாங்கன்னு நெனச்சேன்" என்றாள் ஆயா என்னிடம். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அதுக்கப்புறம் வாயத் தொறக்கவே இல்ல. மெயின் ரோட்டுக்கு நடந்து போயி பஸ்ஸுக்கு நின்னாங்க. ஞாயித்துக்கெழமல்ல, ஒரு மணி நேரம் பஸ்ஸே வரல. உச்சி வெயிலு. எங்க வீட்டு வாசலுக்கு நேரேதான் நின்னாங்க."

"உள்ள கூப்பிட்டு ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கலாமே."

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குடுத்திருக்கலாம்தான். ஊருல நான் இருக்கணும்ல?" என்றாள்.